சுடும் கையும் கேட்கும் காதும்

கேள்வி: சினிமாவில் சைலன்சர் மாட்டிய துப்பாக்கி ‘புஸ்’ என்று சுடுகிறது. பக்கத்து அறையில் தூங்குகிறவர்கூடப் புரண்டு படுப்பதில்லை. நிஜத்திலும் அப்படித்தானா? (கோவை வாசகர்)

பதில்: பக்கத்து அறைக்காரர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார். 9 மி.மீ. பிஸ்டலின் வெடிச்சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 35 டெசிபல் வரை உறிஞ்சிக்கொள்ளும். மீதி இருப்பதே 130 சொச்சம்.

துப்பாக்கிச் சத்தம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. குழல்வாயில் பீறிடும் வெடிவாயு ஒன்று. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கிற ‘சடார்’ இரண்டாவது. துப்பாக்கிக்குள்ளேயே இரும்பும் இரும்பும் மோதுவது மூன்றாவது. சைலன்சர் கைவைப்பது முதல் சத்தத்தில் மட்டும்தான். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது; .308 ரைபிளின் குண்டு 800 மீட்டர் போகிறது. அந்தக் கிழிசல் சத்தம் குழலைவிட்டு வெளியேறிய பிறகு வழிநெடுக எழுவது. குழலின் முனையில் எதை மாட்டினாலும் அதை அடக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது? யார் கண்டுபிடித்தது? (மதுரை வாசகி)

பதில்: குலுக்கிய சோடா பாட்டிலை ஒரே திருகில் திறந்தால் பீய்ச்சி அடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் சீறி அடங்கிவிடும். சைலன்சர் செய்வது இரண்டாவது வேலை. உள்ளே வரிசையாகத் தடுப்புகள், நடுவில் குண்டு போக ஒரு துளை. குண்டு நேராகப் போய்விடும். பின்னால் வரும் வாயு ஒவ்வொரு தடுப்பிலும் முட்டி, சுழன்று, சூட்டை அந்த உலோகத்துக்குக் கொடுத்துவிட்டு, வேகம் தணிந்து வெளியே வரும்.

1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் ஹைரம் பெர்சி மேக்ஸிம். மெஷின் கன்னை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்ஸிமின் மகன். வாழ்நாளெல்லாம் துப்பாக்கிகளோடு இருந்த அந்தத் தந்தைக்குக் கடைசிக் காலத்தில் காது அநேகமாகக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் நோயும் பிறந்திருக்கிறது, மருந்தும் பிறந்திருக்கிறது. மகன் அதோடு நிற்கவில்லை. 1914-ல் அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரர்களின் சங்கத்தைத் தொடங்கி, உலகம் தொலைதூரக் குரல்களைக் காது கொடுத்துக் கேட்கவும் வழி செய்தார்.

கேள்வி: போன வருஷம் சைலன்சர் வாங்கிவிட்டேன். இனி இயர் மஃப் வேண்டாம்தானே? கோடையில் அதை மாட்டினால் காதெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. (டல்லாஸ் வாசகர்)

பதில்: வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். போன காதைத் திரும்ப வாங்க முடியாது. மஃப்பைக் கழற்றாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். .308 ரைபிள் 165 டெசிபலுக்கு மேல் போகும். 30 டெசிபலைக் கழித்தாலும் 135 முதல் 140-ல் நிற்கிறது. திடீரென வெடிக்கும் சத்தத்துக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி போட்டிருக்கும் மேல்வரம்பு 140. அதற்குக் கீழே வந்துவிட்டால் போதும் என்று சிலர் விளம்பரத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஆபத்தான நிம்மதி. காது ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக மன்னித்து மறந்துவிடுவதில்லை. ஒரு நாளில் எத்தனை வாங்குகிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. வேட்டையில் ஒரு தோட்டா சுடுவதும், ரேஞ்சில் உட்கார்ந்து நூறு தோட்டா சுடுவதும் ஒன்றாகாது.

இன்னொன்று. ஏ.ஆர்-15 போலத் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் என்றால், சைலன்சர் அடைத்துவைத்த வாயுவில் ஒரு பங்கு பின்னுக்கு வந்து, காலித் தோட்டா வெளியேறும் வாசல் வழியாகச் சீறும். அந்த வாசல் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழல்வாய் அருகே அளந்து பெட்டியில் அச்சடித்த எண் வேறு, உங்கள் காதருகே இருக்கும் எண் வேறு. முதல் தோட்டாவுக்கும் சத்தம் கொஞ்சம் கூடுதல்தான்: குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றின் ஆக்ஸிஜன் அந்த ஒரு முறை எரிந்து தீர்கிறது.

சைலன்சரின் உண்மையான பலன், காதுக் காப்போடு சேரும்போதுதான் தெரியும். இயர் பிளக் மேல் இயர் மஃப் போட்டால் இரண்டின் எண்ணும் கூடிவிடாது. நல்லதாக இருக்கும் ஒன்றுக்கு மேல் 5 முதல் 10 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் அடைத்தாலும் சத்தம் மண்டையோட்டின் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். சைலன்சரோ சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே வெட்டுகிறது. அதனால் அந்த 25, 30 டெசிபல் அநேகமாக அப்படியே லாபம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேடையில் சுடுகிறவருக்கும், பின்னால் நிற்கும் உங்கள் பிள்ளைக்கும். நான் சைலன்சரை விரும்புவது இதற்காகத்தான்.

கேள்வி: நுரைப் பஞ்சு இயர் பிளக் எனக்கு வேலையே செய்வதில்லை. வெறும் பஞ்சு வைத்தால் ஆகாதா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஆகாது. பஞ்சு குளிரை மறைக்கும், வெடியை மறைக்காது. நுரை பிளக் பெரும்பாலும் தோற்பது, அது வாசலிலேயே நின்றுவிடுவதால். விரலிடையில் அழுத்தி உருட்டி, மெல்லிய குச்சிபோல் ஆக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போது காதுக் குழாய் நேராகும். உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலால் பிடித்தபடி இருங்கள். நுரை விரிந்து அடைத்துக்கொள்ளும்போது உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். முன்னாலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் பிளக்கின் நுனி தெரிந்தால் அது உள்ளே போகவில்லை.

கேள்வி: என் போனில் சத்தம் அளக்கும் ஆப் இருக்கிறது. ரேஞ்சில் அளந்தேன், 104 டெசிபல்தான் காட்டியது. நீங்கள் 160 என்கிறீர்களே? (மெல்போர்ன் வாசகர்)

பதில்: போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. சுமார் 120 டெசிபலைத் தாண்டினால் அது தலையில் தட்டி நின்றுவிடும். துப்பாக்கி வெடியின் உச்சமோ மைக்ரோ நொடிகளில் ஏறி, ஓரிரு மில்லி நொடியில் இறங்கிவிடும். ஆப் அதைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அக்கம்பக்கத்து அமைதியோடு சேர்த்துச் சராசரி போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. நம் காதுக்கும் இதே சங்கடம்தான். உரத்த சத்தம் வந்தால் நடுச்செவியில் ஒரு சிறு தசை இறுகிக் காப்பாற்றப் பார்க்கும். அது இறுகுவதற்குப் பல பத்து மில்லி நொடிகள் ஆகும். திருடன் போன பிறகுதான் கதவு சாத்தும்.

கேள்வி: சுட்டுவிட்டு வந்தால் ராத்திரி காதில் ‘ங்...’ என்று ஒரு ரீங்காரம். காலையில் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா? (திருச்சி வாசகர், தற்போது அரிசோனாவில்)

பதில்: பயப்படுங்கள். 2009-ல் பாஸ்டனில் ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை உரத்த சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்கே வந்துவிட்டது. உள்காதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒலியை உணரும் உரோமச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில், ஒலியின் சில அலைவரிசைப் பகுதிகளில், ஏறத்தாழ பாதி போயிருந்தன. சோதனையில் தேறிவிட்ட காது, உள்ளுக்குள் பாதி அறுந்த காது.

மனிதக் காது ஒன்றில் சுமார் 15,000 உரோமச் செல்கள். பறவைக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது. ரீங்காரம் என்பது, இன்று போட்டிருந்த காப்பு போதவில்லை என்று காது எழுதி அனுப்பும் கடிதம். மறுநாளும் ரீங்காரம் நிற்காவிட்டாலோ, ஒரு காது அடைத்ததுபோல் இருந்தாலோ, உடனே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயமல்ல இது. மருந்துக்குப் பலன் இருந்தால் அது முதல் சில நாட்களில்தான்.

கேள்வி: ஐயா, ராணுவத்தில் 22 வருஷம் இருந்துவிட்டு வந்தேன். இடது காதில்தான் தொந்தரவு அதிகம். பேச்சு காதில் விழுகிறது, வார்த்தை பிடிபடவில்லை. வீட்டில் எல்லாரும் நான் கவனிப்பதில்லை என்கிறார்கள். (வேலூர் மாவட்ட வாசகர்)

பதில்: நீங்கள் கவனிக்கத்தான் செய்கிறீர்கள். அதை வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள்.

வலக்கைக்காரர் ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது, இடது காது குழல்வாயைப் பார்த்துத் திரும்பிவிடும். வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் ரைபிள் பிடித்தவர்களுக்கு இடது காதே முதலில் அடி வாங்கும். கேட்கும் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். ச, ஸ, ஷ, த போன்ற மெல்லிய ஓசைகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. உயிரொலிகள் கீழே பத்திரமாக இருக்கும். சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்று நீங்கள் எழுதியது அச்சு அசலான வர்ணனை.

சோதனை செய்து, காதுக் கருவி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்லாப் படைகளிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவித்தொகை வழங்கும் குறைபாடுகளில் முதலிடம் காது ரீங்காரத்துக்கு. அங்கே மரீன் படை 2020-ல் நேரடிப் போரில் இறங்கும் தன் பிரிவுகளுக்கெல்லாம் சைலன்சர் வழங்கத் தொடங்கியது. தரைப்படை 2022-ல் தேர்ந்தெடுத்த புதிய 6.8 மி.மீ. ரைபிள் சைலன்சரோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் காலத்தில் அது கிடைக்கவில்லை. உங்கள் பின்னால் வருகிறவர்களுக்காவது கிடைக்க வேண்டும்.

கேள்வி: மான் வேட்டைக்குப் போகிறோம். .308 ரைபிள் தோளைப் பிய்த்து எடுக்கிறது. சைலன்சர் போட்டால் உதை குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். சத்தத்தைக் குறைக்கும் குழாய் உதையை எப்படிக் குறைக்கும்? விற்பதற்காகச் சொல்கிறாரா? (ஆக்லாந்து வாசகி)

பதில்: விற்கத்தான் சொல்கிறார், ஆனால் உண்மையைச் சொல்லி விற்கிறார்.

துப்பாக்கி உதைப்பதற்குக் குண்டு மட்டும் காரணமல்ல. 10 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது: உந்தம் 8.2. அதே குழல் வழியாக எரிந்த வெடிமருந்தும் வாயுவாக வெளியேறுகிறது. எடை 2.8 கிராம்தான், ஆனால் குண்டைவிட வேகமாகப் பாயும். ரைபிளுக்கு அந்த வேகத்தைக் குண்டின் வேகத்தைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் வாயுவின் பங்கு 4. ஆக மொத்தம் 12.2, அதில் மூன்றில் ஒரு பங்கு வாயு கொடுத்த உதை. குண்டின் பங்கை யாராலும் தொட முடியாது. வாயுவின் பங்கைச் சைலன்சர் பிடித்து வேகம் குறைக்கிறது.

அதோடு எடை. 3.5 கிலோ ரைபிளின் முனையில் 400 கிராம் ஏறினால், அந்த எடையால் மட்டுமே உதையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு குறையும். எடை முனையில் இருப்பதால் குழல் மேலே எகிறுவதும் அடங்கும். எல்லாம் சேர்ந்து 20 முதல் 30 சதவீதம் உதை குறைவது சாதாரணம். எண்ணைவிடத் தோள் சொல்வது இன்னும் தெளிவு: குத்து, தள்ளலாக மாறும். சுட்டபின்பும் மான் தொலைநோக்கிக்குள்ளேயே இருக்கும். குண்டு எங்கே பட்டது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

உங்களுக்கு வலிக்கு மேல் இன்னொரு பிரச்சினையும் இருக்கலாம். தோழி ஒருவரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைக்கச் சொல்லுங்கள். விசையை இழுக்கும்போது வெடி வராது, ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல்முனை தானாகக் கீழே குனிந்தால், உங்கள் உடம்பு வெடிக்கு முன்பே வெடிக்குப் பயந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயத்தில் பாதி உதையால் வருவது, பாதி சத்தத்தால் வருவது. இரண்டும் ஒன்றாகக் குறைவதால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சைலன்சர் இவ்வளவு உதவுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மாட்டியதும் குண்டு படும் இடம் சற்று மாறும். தாளில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்யாமல் மானைச் சுடாதீர்கள். பத்துப் பதினைந்து தோட்டாவுக்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: குழல்முனையில் மாட்டும் மஸில் பிரேக் இதைவிட அதிகமாக உதையைக் குறைக்குமாமே? (அதே வாசகியின் கணவர்)

பதில்: குறைக்கும், சில சமயம் பாதிக்குப் பாதி. வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி விடுவதால் வரும் லாபம் அது. அந்த வாயுவோடு சத்தமும் சுடுகிறவர் பக்கமே திரும்பும். தோளுக்குக் கொடுத்த சலுகையைக் காதிடம் வசூலித்துவிடும். பக்கத்தில் மனைவி படுத்திருக்கும்போது அதை மாட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம். கணவர் வார இறுதியில் உள்ளரங்க ரேஞ்சுக்கு வரச் சொல்கிறார். நல்ல மஃப் இருக்கிறது, சைலன்சரும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. மஃப் உங்கள் காதுக்குத்தான், குழந்தைக்கு மஃப் இல்லை. வயிற்றுச் சுவர் கீச்சென்ற ஓசைகளைத் தடுக்கும். துப்பாக்கியின் அடித்தொண்டை ஓசையை உள்ளே விட்டுவிடும். ஆறாம் மாதத்தில் குழந்தையின் காது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல், ரேஞ்சின் காற்றில் ஈயத் தூள் இருக்கும். தாயின் ரத்தத்தில் ஏறும் ஈயம் குழந்தைக்கும் போகும். சைலன்சர் மாட்டிய துப்பாக்கி வாயுவை முகத்துப் பக்கம் அதிகமாகத் தள்ளும் என்பதால் இந்த விஷயத்தில் அது உதவியும் இல்லை. கணவர் போய் வரட்டும். வந்ததும் சட்டையைத் தனியாகப் போட்டு, கை முகம் கழுவிவிட்டு அப்புறம் உங்கள் பக்கத்தில் வரட்டும்.

கேள்வி: எடிசனில் இருக்கிறேன், எச்-1பி விசா. வரியை எடுத்துவிட்டார்களாமே, நானும் ஒரு சைலன்சர் வாங்கலாமா? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: இரண்டு கதவு சாத்தியிருக்கிறது. 1934-ல் வந்த அமெரிக்கச் சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டது. அன்றைக்கு அது சைலன்சரின் விலையைப்போல் பல மடங்கு. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். வரிதான் போனது, பதிவு, கைரேகை, அரசின் ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 42 மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கலாம். நியூ ஜெர்சி அந்த 42-ல் இல்லை.

இரண்டாவது கதவு இன்னும் கனமானது. எச்-1பி போன்ற குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் ஒரு தடவை சுட்டுப் பார்ப்பதும் ‘கையில் வைத்திருப்பது’தான். அந்தச் சட்டத்தின் கணக்கில் சைலன்சரும் ஒரு துப்பாக்கியே. நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். விசா வக்கீலிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

பதில்: செய்யாதீர்கள். அமெரிக்காவில் அனுமதியின்றிச் செய்தால் 10 ஆண்டு வரை சிறை. துளை மயிரிழை விலகினாலும் குண்டு தடுப்பில் மோதும். அப்புறம் உலோகச் சில்லுகள் யார் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: நான் என்.சி.சி. கேம்பில் .22 ரைபிள் சுடப் போகிறேன். இந்தியாவில் நாங்கள் சைலன்சர் போடலாமா அண்ணா? (கல்லூரி மாணவி, புதுக்கோட்டை)

பதில்: முடியாது தங்கச்சி. துப்பாக்கியின் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் கருவியை நம் ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. ஆகவே நமக்கு மிஞ்சுவது பிளக்கும் மஃப்பும்தான், அவற்றில் குறை வைக்கக் கூடாது. .22 சின்னத் துப்பாக்கி, உதை இல்லை, சத்தமும் கம்மி என்று சொல்வார்கள். அதுவும் 140 டெசிபல் பக்கம் போகும். வரிசையில் பத்துப் பேர் ஒன்றாகப் படுத்துச் சுடும்போது, உன் முறை முடிந்தாலும் அடுத்தவர் வெடி உன் காதுக்கு வரும். கேம்பில் கொடுக்காவிட்டால் நீயே ஒரு ஜோடி நுரை பிளக் கொண்டு போ. விலை ஒரு டீக் காசுதான். உங்கள் ஊர்க்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்ற ஷாட்கன் போட்டியில் சுட்டவர். அந்த ஷாட்கன்னோ .22-ஐவிடப் பல மடங்கு உரத்தது.

கேள்வி: ஐயா, என்ர நோர்வே நண்பர் எல்க் வேட்டைக்குப் போகேக்க நாயையும் கூட்டிக்கொண்டு போறவர். தான் மஃப் போடுறார், நாய் என்ன செய்யும்? (ஓஸ்லோ வாசகர்)

பதில்: நாய் எதுவும் செய்ய முடியாது, அதனால் நண்பர்தான் செய்ய வேண்டும். நாயின் உள்காதும் நம்முடையதுபோலத்தான். செத்த உரோமச் செல் அதற்கும் திரும்பாது. வேட்டை நாய்களில் பல, வயதாவதற்குள்ளேயே காது மந்தமாகிவிடும். கூப்பிட்டால் வரவில்லை, திமிர் பிடித்துவிட்டது என்று திட்டுவாங்கும். நோர்வேயில் சைலன்சர் வாங்குவது அமெரிக்காபோல் பெரிய காரியமல்ல. அங்கே அது வேட்டைக்காரரின் சாதாரணச் சாமான். மாட்டச் சொல்லுங்கள். சுடும்போது நாயைக் குழல்வாய்க்கு முன்னாலோ பக்கத்திலோ விடாமல், தன் முதுகுக்குப் பின்னால் உட்காரப் பழக்கச் சொல்லுங்கள். சத்தம் அங்கேதான் குறைவு.